பழைய லேத் கதவில் சீன எழுத்து, ஆயில் எச்சரிக்கையா? அவசரம்

பட்டறை ராசு:
பட்டறைக்குப் பழைய சிஎன்சி லேத் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) ஒன்று வந்திருக்கிறது. கதவில் எட்டு சீன எழுத்து ஒட்டியிருக்கிறது. கூட வேலை பார்க்கும் சீன அண்ணன் படித்துவிட்டு, "ஆயில் ஒரு செகண்ட் நின்றால் ஆயுசு முழுக்க என்னைக் குறை சொல்" என்கிறார், ஆனால் வாக்கியம் ஏதோ உதைக்கிறது என்று அவரே தலையைச் சொறிகிறார். இங்கே ஆயில் பம்ப் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது. நாளைக்கு ஜாப் போட வேண்டும். ஓட்டலாமா கூடாதா?

கியர் பெட்டி:
எந்த ஆயில் தம்பி? ஹைட்ராலிக்கா, சிலைடுவேயா (மெஷின் பாகம் நகரும் தடத்துக்குப் போடுவது), கூலன்ட்டா (வெட்டும் இடத்தைக் குளிர்விப்பது)? அதைச் சொல்லாமல் யார் என்ன சொல்வது.

லேத் பித்தன்:
சந்தேகமே வேண்டாம், பம்ப் ஃபில்டர் அடைத்திருக்கிறது. நான் பார்த்த பழைய மெஷின் எல்லாவற்றிலும் இதே கதைதான். டைமரைக் கழற்றிவிட்டு பம்பை நேராக ஓட விடு.

கியர் பெட்டி:
ராசு, அதைச் செய்யாதே. சிலைடுவே பம்ப் என்றால் சில நிமிடத்துக்கு ஒரு முறை அடித்துவிட்டு நிற்பதுதான் அதன் வேலை. இடைவிடாமல் ஓடினால் ஆயில் எல்லாம் கூலன்ட்டில் கலந்து நாறிப்போகும்.

ஒசாகா வாசி:
மெஷின் எந்த நாட்டுத் தயாரிப்பு? பலகையில் எழுத்தோடு பச்சை நிறக் கூட்டல் குறி இருக்கிறதா? மெயின் சுவிட்சில் என்ன எழுதியிருக்கிறது?

பட்டறை ராசு:
சிலைடுவே ஆயில்தான். சிங்கப்பூரில் ஏலத்தில் எடுத்தது, கம்பெனி தகடு உரிந்துவிட்டது. பச்சைக் கூட்டல் இருக்கிறது. சுவிட்சில் ஒரு பக்கம் கூடாரம் மாதிரி சாய்ந்த இரண்டு கோடு, மறுபக்கம் 'வெட்டு' என்று அண்ணன் சொல்கிறார்.

ஒசாகா வாசி:
அப்படியானால் ஜப்பான் மெஷின். பச்சைக் கூட்டல் அங்கே தொழிற்சாலைப் பாதுகாப்புச் சின்னம். சுவிட்சில் அந்தக் கூடாரம்தான் 'நுழை' எழுத்து, அது ஆன். 'வெட்டு' எழுத்து ஆஃப்.

அந்தப் பலகைக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஜப்பானியரும் சீன எழுத்தைப் பயன்படுத்துவார்கள், அவர்கள் மொழியில் அது 'யுதான் இச்சிப்யோ, கெகா இஷ்ஷோ': ஒரு நொடி அசட்டை, ஆயுள் முழுக்கக் காயம். 'எண்ணெய்', 'துண்டி' இரண்டும் சேர்ந்தால் யுதான், அதாவது கவனக்குறைவு. சீனத்தில் 'என்னைக் குறை சொல்' என்று படிக்கப்படும் இரண்டு எழுத்து அங்கே கெகா, உடம்பில் படும் காயம். அது ஒலிக்காக ஒட்டவைத்த எழுத்து, பொருளைத் தேடினால் கிடைக்காது. 'துண்டி' எழுத்தை இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரிதான் சுருக்கினார்கள், அதனால் உங்கள் அண்ணனுக்கு எட்டும் சீனமாகவே தெரிந்திருக்கும், அவர் மேல் தப்பில்லை.

இதைவிட முக்கியமானது சிவப்பு பட்டன். அதில் 'ஹிஜோ தெய்ஷி' என்று நான்கு எழுத்து இருக்கும். முதல் இரண்டுக்கும் இன்றைய சீனத்தில் 'மிகவும்' என்று அர்த்தம், ஜப்பானியத்தில் 'அவசரம்'. அவசர நிறுத்தம் அது. இன்றைக்கே அண்ணனிடம் காட்டிவிடுங்கள்.

மூத்த உறுப்பினர்:
எழுத்து ஒன்றானால் பொருளும் ஒன்று என்று நினைப்பது ஆரம்பப் பாடத்திலேயே தீர வேண்டிய விஷயம். இதைப் பல முறை எழுதியாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. மூலம் சீனம். ஜப்பானியர் கடன் வாங்கித் திரித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பினாங்கு செல்வி:
திரித்தார்கள் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள் ஐயா. ஜப்பானில் வெந்நீருக்கு எழுதும் 'யு' எழுத்து இன்றைய சீனத்தில் சூப். ஆனால் கன்பூசியஸ், தீமையைக் கண்டால் கொதிநீரில் கைவிட்டது போல விலகு என்று சொல்லும் இடத்தில் இதே எழுத்து கொதிநீர்தான். ஜப்பானில் 'ஓடு' என்ற எழுத்தும் அப்படி. மாண்டரினில், அதாவது இன்றைய பொதுச் சீனத்தில், அது நடப்பதாகிவிட்டது, எங்கள் பக்கத்தில் பேசும் ஹொக்கியன் என்ற சீன மொழியில் 'சாவ்' என்றால் இன்றும் ஓடுவதுதான். மாறியது யார்?

மூத்த உறுப்பினர்:
இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு வாதம் செய்ய முடியாது. 'கை', 'தாள்' சேர்ந்தால் சீனத்தில் கழிப்பறைத் தாள், ஜப்பானில் கடிதம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பினாங்கு செல்வி:
இரண்டு பக்கமும் தனித்தனியாக வளர்ந்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன். 'சமூகம்', 'பொருளாதாரம்' என்பதற்கான சொற்களை இன்றைய பொருளில் ஜப்பானில் ஆக்கி, சீனர்களே பிறகு எடுத்துக்கொண்டார்கள். போக்குவரத்து ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை.

கியர் பெட்டி:
'எண்ணெய்', 'துண்டி' சேர்ந்தால் எப்படி அசட்டை ஆகும்? அது மட்டும் எனக்குப் புரியவில்லை.

ஒசாகா வாசி:
நிர்வாண சூத்திரம் என்ற பௌத்த நூலின் கதை ஒன்றைச் சொல்வார்கள். அரசன் ஒருவன் கையில் எண்ணெய்ப் பாத்திரத்தைக் கொடுத்து, அசட்டையாக ஒரு சொட்டு சிந்தினாலும் உயிர் துண்டிக்கப்படும் என்று கூட்டத்துக்குள் நடக்கவிடுகிறான். யுதான் பழைய ஜப்பானியச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எண்ணெய்ப் பாத்திரக் கதை பாலி மொழி ஜாதகத்திலும் (புத்தரின் முற்பிறவிக் கதைகள்) இருக்கிறது, அதனால் எனக்கு அதன் மேல் ஒரு பிரியம்.

லேத் பித்தன்:
எது எப்படியோ, ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

பட்டறை ராசு:
நன்றி அண்ணே. 68 கிரேடு சிலைடுவே ஆயில் ஊற்றி ஓட்டினோம், பம்ப் டைமர்படி அடிக்கிறது. சிவப்பு பட்டனில் நீங்கள் சொன்ன நான்கு எழுத்துதான், அண்ணன் சீனத்திலும் நான் தமிழிலும் எழுதி ஒட்டிவிட்டோம். ஜாப் ஓடுகிறது, அப்புறம் வருகிறேன்.

மூத்த உறுப்பினர்:
செல்வி, ஹொக்கியனை வைத்து மாண்டரினைத் தீர்மானிக்கக் கூடாது. தனி இழை திறக்கிறேன், அங்கே வாருங்கள்.