அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 13: 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று நிற்கிறது

மலைக்கோட்டை:
அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்த ஐபோன் 13. அங்கே ஒரு நெட்வொர்க்கில் தவணைக்கு எடுத்தது. தவணை முடிந்துவிட்டது என்கிறார். ஏர்டெல் சிம் போட்டால் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று வருகிறது. வைஃபையில் மற்றதெல்லாம் ஓடுகிறது. சிம்முக்கு அடியில் ஒரு சிப் வைத்தால் போதும் என்கிறார்கள் கடையில். வைக்கலாமா? லாக்கை முறையாக எடுக்க வழி இருக்கிறதா?

போர்டு_வேலை:
சிப் வேண்டாம். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய்க் கீழே தள்ளி 'கேரியர் லாக்' வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் லாக் இல்லை, கோளாறு வேறு எங்கோ. 'சிம் லாக்டு' என்றிருந்தால் நெட்வொர்க் லாக்தான், அதாவது விற்ற நெட்வொர்க்கின் சிம்மைத் தவிர வேறு சிம்மை ஏற்காத பூட்டு.

ஐபோனில் இந்த லாக்கின் பதிவு இருப்பது ஆப்பிள் சர்வரில், உங்கள் போனின் ஐஎம்இஐ எண்ணுக்கு (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எதிரே. விற்ற நெட்வொர்க் சொன்னால்தான் அது மாறும். அதனால் போனைப் பிரித்தோ சாஃப்ட்வேர் ஏற்றியோ எந்தக் கடையிலும் எடுக்க முடியாது. போனைத் திருப்பி அனுப்பவும் வேண்டியதில்லை, ஐஎம்இஐ போதும். *#06# அடித்து வரும் 15 இலக்க எண்ணை அத்தை மகனுக்கு அனுப்புங்கள். இரண்டு எண் வந்தால் முதலாவது.

விற்ற நெட்வொர்க் ஏடி அண்ட் டி என்றால் அவர்களுடைய அன்லாக் பக்கத்தில் விண்ணப்பம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. போன் அவர்கள் நெட்வொர்க்கில் 60 நாள் ஓடியிருக்க வேண்டும், பாக்கி இருக்கக் கூடாது, திருட்டுப் பட்டியலில் இருக்கக் கூடாது. மின்னஞ்சலில் வரும் இணைப்பை 24 மணி நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகிவிடும்; பலர் தவறவிடுவது இங்கேதான். டி-மொபைல் என்றால் 40 நாள், தவணை முழுதும் தீர்ந்திருக்க வேண்டும். கணக்கு வைத்திருப்பவரே கேட்பது நல்லது.

ஒப்புதல் வந்ததும் ஏர்டெல் சிம்மைப் போட்டு வைஃபையில் இணையுங்கள். அப்போதும் அதே செய்தி வந்தால் பேக்கப் எடுத்துவிட்டு, போனை முழுதாக அழித்து மறுபடி செட்டப் செய்யுங்கள். அழிப்பதற்கு முன் ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அத்தை மகனுடைய ஐடி அதில் இன்னும் இருந்தால், அவருடைய பாஸ்வேர்டு கேட்கும் ஆக்டிவேஷன் லாக்கில் மாட்டிக்கொள்ளும். அது வேறு பூட்டு. நெட்வொர்க் நிறுவனத்தால் அதைத் திறக்க முடியாது.

சர்வீஸ்_டேபிள்:
சிப் பற்றி: நகக்கண் அளவு மெல்லிய படலம் அது, சிம்மின் தங்க நிறப் பட்டைகள் மேல் ஒட்டி ட்ரேயில் செருகுவார்கள். இது அந்த நெட்வொர்க்கின் சிம்தான் என்று போனை நம்பவைப்பது மட்டும்தான் அதன் வேலை. லாக் அப்படியே இருக்கும். ஐஓஎஸ் அப்டேட் வந்தாலோ, அது பயன்படுத்தும் ஐசிசிஐடி எண்ணை (சிம்மின் அடையாள எண்) ஆப்பிள் முடக்கினாலோ சிக்னல் போய்விடும். ட்ரேயில் தடிமன் கூடுவதால் சிக்கிக்கொள்வதும் உண்டு. இழுக்கும்போது உள்ளே இருக்கும் பின்கள் வளைந்தால் லாஜிக் போர்டு (போனின் முக்கிய சர்க்யூட் பலகை) வேலை ஆகிவிடும்.

கீழவாசல்:
சாம்சங்கிலும் இதே கதைதானா? அடுத்த மாதம் ஒன்று வரப்போகிறது.

போர்டு_வேலை:
சாம்சங்கில் பெரும்பாலும் வேற்று சிம் போட்டதும் 'நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்கும். அந்த எண்ணையும் விற்ற நெட்வொர்க்தான் தர வேண்டும். குத்துமதிப்பாக அடித்துப் பார்க்காதீர்கள். சில முறை தவறினால் போன் உறைந்துவிடும், அப்புறம் சரியான எண் கிடைத்தாலும் ஏற்காது. டி-மொபைல் விற்ற ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு செயலி இருக்கும்.

இன்னும் வாங்கவில்லை என்றால், ப்ரீபெய்டு என்று மலிவாகக் கிடைப்பதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏடி அண்ட் டி ப்ரீபெய்டில் 6 மாதம் பணம் கட்டிய சேவை ஓடியிருந்தால்தான் திறப்பார்கள். வாங்கிய கையோடு பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவந்தால் அந்த 6 மாதம் ஓடவே ஓடாது.

சர்வீஸ்_டேபிள்:
ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடலில் சிம் ட்ரேயே கிடையாது, போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். லாக் இருந்தால் இங்குள்ள இ-சிம்மும் ஏறாது. பழைய போன் எதை வாங்கினாலும் காசு கொடுப்பதற்கு முன் கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். 'பிளாக்லிஸ்டட்' (முடக்கப்பட்டவற்றின் பட்டியலில் உள்ளது) என்று பதில் வந்தால் லாக் இல்லாத போனாக இருந்தாலும் தொடாதீர்கள்.