நீட் காகிதங்கள் அப்பச்சியின் பெட்டியிலா, பிள்ளையின் கைபேசியிலா?

காரைக்குடி அப்பச்சி:
என்னை அப்பச்சி என்று கூப்பிடும் மகள் நீட் எழுதப்போகிறாள். 180 கேள்வி, 720 மதிப்பெண். அவள் தலைக்கு அதுவே போதும். படிப்பு உன் பாடு, காகிதம் என் பாடு என்று பிரித்துக்கொண்டோம். கெட்டி அட்டை போட்ட பேரேடு ஒன்று வாங்கினேன். இடப்பக்கம் என்ன சான்று, வலப்பக்கம் அது எங்கே இருக்கிறது, நகல் எத்தனை. அசல் எல்லாம் தகரப் பெட்டியில். என் ஐயா ரங்கூனில் லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். கணக்கு எழுதும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. மைத்துனர் மகனோ, "எல்லாவற்றையும் போனில் ஏற்றுங்கள் மாமா" என்று சிரிக்கிறான். போன் தொலையும், பெட்டி தொலையுமா?

தேவகோட்டை ரஸ்தா:
அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரங்கூனிலிருந்து கடிதம் வர வாரக்கணக்கில் ஆன காலத்துப் பேரேடு அது. கலந்தாய்வில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே சில நாள்தான். தேதி நீட்டிப்பு பல நேரம் இரவில்தான் வெளியாகிறது. நீங்கள் திருமண வீட்டில் பந்தியில் இருப்பீர்கள், பெட்டி உங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறையில் இருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அரசின் டிஜிலாக்கர் செயலியிலேயே கிடைக்கிறது. மற்றதை ஸ்கேன் செய்து மகளின் கைபேசியில் ஒன்று, உங்கள் கைபேசியில் ஒன்று வையுங்கள். பேரேடு கொலுவுக்கு ஆகும்.

முதலாண்டு மாணவி:
நான் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். ஐயா, பெட்டியும் கைபேசியும் எனக்குத் தொல்லை தரவில்லை. விண்ணப்பம் போட்ட கடைதான் தந்தது. அந்தக் கடைக்காரர் என் கைபேசி எண்ணுக்குப் பதிலாகத் தன் எண்ணைக் கொடுத்திருந்தார். ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். கல்லூரி விருப்பங்களைப் பதிவு செய்ய வேண்டிய நாளில் ஓடினோம். கடை பூட்டிக் கிடந்தது. மகளுக்குக் காது குத்தப் பிள்ளையார்பட்டி போய்விட்டாராம். அங்கே கோயில் வாசலில் வைத்து அவர் ஓடிபியைப் போனில் சொல்ல, என் அண்ணன் வீட்டில் தட்டச்சு செய்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தேன் என்று காட்ட வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளி மாறியதால் இரண்டு பள்ளிக்கும் நடந்தேன், அதுவும் கோடை விடுமுறையில். ஏப்ரலிலேயே வாங்கியிருக்கலாம்.

காரைக்குடி அப்பச்சி:
நல்ல வேளை சொன்னாய் அம்மா. எந்த எண்ணைக் கொடுத்தோம் என்பதைப் பேரேட்டில் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

ரஸ்தா தம்பிக்கு: கொலுவுக்கு ஆகும் என்றீர்களே, கேளுங்கள். எங்கள் வீட்டு விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் தலைப்பெழுத்து, மூன்று எழுத்து. ஒவ்வொரு சான்றாக எடுத்து, அதில் உள்ள பெயரை அப்படியே பேரேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஆதாரில் மூன்று எழுத்தும் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றில் ஒன்றுதான். பிறப்புச் சான்றில் எழுத்தே இல்லை. பத்து வருடமாக அந்தக் காகிதங்களைப் புரட்டுகிறேன், கண்ணில் பட்டதில்லை. கையால் எழுதியபோதுதான் பட்டது. போட்டோ எடுத்துப் போட்டிருந்தால் கலந்தாய்வு மேசையில்தான் தெரிந்திருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா:
அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இனி ஆதாரைத் திருத்தினால் பழைய நகலைக் கிழிப்பீர்களா? பெட்டியில் இரண்டும் கிடந்தால் அவசரத்தில் எது கைக்கு வரும்? என் கைபேசியில் புதியது மட்டும்தான் இருக்கும்.

திருப்பத்தூர் வாத்தியார்:
இருவரும் ஒரு பெட்டி, ஒரு கைபேசி என்கிறீர்கள். வாசலோ இரண்டு. அரசுக் கல்லூரிகளின் 15 விழுக்காட்டு அகில இந்திய இடங்களுக்கு எம்சிசி என்ற மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவிடம் விண்ணப்பம். மாநில இடங்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள தேர்வுக் குழுவிடம் விண்ணப்பம். பதிவு வேறு, கட்டணம் வேறு, தேதி வேறு. சான்றுகூட வேறு. அண்ணனுக்கு இது தேவைப்படாது, படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்று வேண்டும். நம் தாசில்தார் கொடுத்த பழைய சாதிச் சான்று அட்டை அங்கே செல்லாது. என் மாணவர்களில் பலர் 'சாதிச் சான்று உண்டு' என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்து, கடைசி வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடினார்கள். எதில் எழுதினாலும் வாசலுக்கு ஒன்றாக இரண்டு பத்தி பிரித்து எழுதுங்கள்.

விண்ணப்பத்தில் ஏற்றிய அதே புகைப்படத்தையும் கூடுதலாக அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வறைக்கும் அதுவேதான்.

முதலாண்டு மாணவி:
ஐயா, ஒன்று கேட்கலாமா? பேரேட்டை உங்கள் மகள் ஒருமுறையாவது திறந்து பார்த்தாரா?

காரைக்குடி அப்பச்சி:
இன்று மாலை கொடுத்தேன். கடவுச்சொல் எங்கே என்றாள், கடைசிப் பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன அப்பச்சி இது, ஒன்றா ஏழா?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்தோம். ஏழுதான்.

தேவகோட்டை ரஸ்தா:
நான் எதுவும் சொல்லவில்லை, அண்ணன்.