இழை: ‘டிம்’முக்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

அம்மாப்பேட்டை, திங்கள் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வண்டிப் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன் என்பது பலருக்குத் தெரியும். வரும் சனிக்கிழமை பொதுமக்களுக்கு ஒரு வகுப்பு வைத்திருக்கிறோம்: காரின் முகப்பு விளக்கு பல்பை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது. கையில் கொடுக்க இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றும் உண்டு. வெள்ளி மதியம் அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

பெரும்பகுதி எழுதிவிட்டேன். எஞ்சினையும் விளக்கையும் அணைத்துவிட்டு பல்பு ஆறும்வரை பொறுப்பது; பானட்டைத் திறந்து, விளக்கின் முதுகிலுள்ள கப்ளரை, அதாவது ஒயர் இணைப்பை, நேராகப் பின்னால் இழுப்பது; ரப்பர் மூடியை உரிப்பது; கம்பிக் கிளிப்பை அழுத்தி ஒதுக்கிப் பழைய பல்பை எடுப்பது. புதியதை உலோக அடியைப் பிடித்தே உள்ளே வைக்க வேண்டும். அதன் மூன்று காதுகளும் ஒரே வாக்கில்தான் பொருந்தும். கண்ணாடியில் விரல் படக் கூடாது. பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

சிக்கியது ஓர் இடத்தில்தான். ‘எச்4’ வகை முகப்பு விளக்கு பல்புக்குள் எரியும் கம்பி இழைகள் இரண்டு. ஒன்று 60 வாட், மற்றது 55 வாட். முதலாவது எரிந்தால் ‘பிரைட்’ என்கிறோம், இரண்டாவது எரிந்தால் ‘டிம்’ என்கிறோம். இவ்விரண்டுக்கும் தமிழ் வேண்டும். பல்பு, கப்ளர், கிளிப் மூன்றையும் தெரிந்தேதான் அப்படியே விட்டிருக்கிறேன். தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை, செவ்வாய் காலை

அம்மையீர், தொடாமல் இருக்க இயலவில்லை.

‘குமிழ்’ என்று அழகான சொல் இருக்க, பல்பு எதற்கு? ஈழத்தில் மின்குமிழ் என்று சிறுவர்களும் சொல்கிறார்கள். குமிழி, குமிழம்பூ, குமிழ்முனைப் பேனா எல்லாம் நமக்குப் புதியவையா? குமி, குவி, கூம்பு, குப்பை, குவியல் என்று ‘கும்’ என்னும் வேரில் ஒரு குடும்பமே நிற்கிறது. திரளுதல் என்ற கருத்து அத்தனையிலும் ஓடுகிறது. கண்ணாடியை ஊதித் திரட்டியதுதானே உங்கள் பல்பு?

இந்த ஊர் நகராண்மைக் கல்லூரியில் தனித்தமிழ் அறிஞர் தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்தார். அவருடைய மாணவரிடம் பாடம் கேட்டவன் நான். சேலத்திலிருந்து வெளிவரும் தாளில் ‘பல்பு’ என்று அச்சேறுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன்?

சூரமங்கலம், செவ்வாய் காலை

புலவர் ஐயாவுக்குப் பணிவுடன்: அதே சேலத்தில்தான் 1916-இல் ராஜாஜி அறிவியல் சொற்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார். அதன் பெயர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். அந்தப் பெயரில் ‘தமிழ்’ ஒன்றுதான் தமிழ். ஆனாலும் வேலை நடந்தது. இந்த ஊர்த் தண்ணீரில் இரண்டு மரபும் கலந்திருக்கிறது, ஒன்றை மட்டும் வடிகட்ட முடியாது.

டீச்சர் கேட்டதற்கு வருகிறேன். தாழொளி, உயரொளி. ரயில்வே மின்பிரிவில் முப்பது ஆண்டு குறிப்பு எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன், நீளமான சொல் பலகையில் நிற்காது.

ஆத்தூர், செவ்வாய் பகல்

இன்னும் சுருக்கமாக: மங்கொளி, பேரொளி. டிம் என்றால் மங்கல்தானே.

ஓமலூர், செவ்வாய் இரவு

இல்லை. ‘டிம்’ என்ற பேச்சுச் சொல்லே நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. இயற்பியல் ஆசிரியன் என்பதால் சற்று நீட்டுகிறேன், பொறுத்தருள்க.

60-க்கும் 55-க்கும் எவ்வளவு வேறுபாடு? விளக்கு மங்குவதே இல்லை. பிரைட்டுக்கு உரிய இழை, குழிந்த பிரதிபலிப்பானின் குவியத்தில் இருக்கிறது. அதன் ஒளி முழுக் குழியிலும் பட்டு நேராகத் தூரத்துக்குப் போகிறது. டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதற்குக் கீழே கிண்ணம் போல ஒரு சிறு தகடு. கீழ்நோக்கிப் போகும் ஒளியைக் கிண்ணம் மறித்துவிடுவதால் குழியின் மேல்பாதிக்கு மட்டும்தான் வேலை. அங்கே பட்டுத் திரும்புவது கீழ்நோக்கி இறங்கிச் சாலையில் விழுகிறது. எரிந்து போகாத பழைய பல்பு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கிண்ணம் கண்ணுக்கே தெரியும்.

ஆக, நடப்பது மங்கல் அன்று, குனிதல். மங்கொளி என்று அச்சிட்டால், ‘மங்கலாக இருக்கிறதே, பெரிய வாட் பல்பு போடுவோம்’ என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். என் வாக்கு குனியொளிக்கு. எதிரே வருபவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னது போலவும் இருக்கும்.

இன்னொன்று. ‘ஹாலோஜன் பல்பு’ என்று டீச்சர் எழுதப்போகிறார் என்றால், ‘உப்பீனி’ என்ற சொல் வேதியியலில் உண்டு. உப்பை ஈனுவது. அந்தப் பல்பில் அயோடினோ புரோமினோ இருப்பதால்தான் ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியில் கரியாகப் படியாமல் இழைக்கே திரும்புகிறது.

ஆத்தூர், செவ்வாய் இரவு

மங்கொளியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஐயா, உதிரிபாகக் கடையில் போய் ‘உப்பீனிக் குமிழ் இரண்டு’ என்று கேட்டால் மளிகைக் கடைக்கு வழிகாட்டுவார்கள்.

ஏற்காடு, புதன் காலை

டீச்சருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். நான் படித்தவன் அல்லன், காப்பித் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறேன். பெரிய வாட் பல்பு போட்டுக் கெட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

டவுனில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு 100/90 வாட் பல்பு வாங்கி நானே மாட்டினேன். இரண்டு நாள் பகல் போல் எரிந்தது. மூன்றாம் நாள் இரவு அடிவாரத்திலிருந்து ஏறினேன்; 14 கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இரண்டு விளக்கும் ஒன்றாகப் போய்விட்டன. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். திறந்து பார்த்தால் கப்ளர் உருகி பல்பின் கால்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீதி ஆறு வளைவையும் கூட வந்த பையன் டார்ச்சை வெளியே நீட்டிப் பிடிக்க, ஊர்ந்து ஏறினேன். வண்டியில் வந்த ஒயர் 60/55 வாட்டுக்கு அளந்து போட்டது என்று பிறகு எலக்ட்ரீஷியன் சொன்னார். துண்டறிக்கையில் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள் டீச்சர். ரப்பர் மூடியையும் ஒழுங்காக அமுக்கச் சொல்லுங்கள். எங்கள் மலையில் அது அரை விரல் விலகியிருந்தாலும் மறுநாள் காலையில் விளக்குக்குள் வேர்த்திருக்கும்.

சொல் பற்றி: எங்கள் அம்மா அரிக்கேன் விளக்கைத் ‘தணித்து வை’ என்பார். எனக்கும் எதிரே பஸ் திரும்பினால் அந்தச் சொல்தான் மனதில் வரும். மூடுபனியில் பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கிறது, தணித்தால் சாலையின் ஓரக்கோடு தெரிகிறது. தணியொளி என்று வைக்கலாகாதா?

செவ்வாய்ப்பேட்டை, புதன் பகல்

தம்பி, படித்தவன் அல்லன் என்று இனி எழுதாதீர். இந்த இழையில் வந்த சொற்களில் உயிருள்ளது உம்முடையதுதான்.

தணிதல் என்பதற்கு ஆறுதல், தாழ்தல் இரண்டும் பொருள். முருகன் சினம் தணிந்த இடம் தணிகை. தண், தண்மை, தண்ணீர், தணல்… தணலில் சற்று இடறுகிறது. நெருப்பைக் குறிக்கும் சொல்லுக்குள் குளிர்ச்சி எப்படி வந்தது? எரிந்து தணிந்த நெருப்பு என்பதால் தணல் ஆயிற்று என்பது என் துணிபு. அப்படியானால் கொதிக்கும் பல்பிலிருந்து வரும் தணியொளிக்கும் தடையில்லை. தழல், தணல் உறவு பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

நெறியாளர், புதன் பகல்

தனி இழையில் எழுதுங்கள் ஐயா. சேர்வராயன் மலையின் பெயர்க்காரணத்தை மூன்று மாதம் அரைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஓமலூர், புதன் மாலை

ஏற்காட்டு நண்பரின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அரிக்கேன் விளக்கில் தணித்தல் என்றால் திரியை இறக்கிச் சுடரைக் குறைப்பது. அது மங்கலேதான். கொல்லை வழியாக ‘டிம்’ மறுபடி உள்ளே வருகிறது.

ஆத்தூர், புதன் மாலை

ஒளி எங்கே விழுகிறது என்பதுதான் செய்தி என்றால் எட்டொளி, கிட்டொளி. எட்டப் போவது, கிட்ட விழுவது. எதுகையும் இருக்கிறது.

சூரமங்கலம், புதன் இரவு

எட்டொளி என்றால் எட்டு விளக்கு என்று படிக்கமாட்டார்களா? சரக்கு லாரிகளின் நெற்றியைப் பார்த்தால் அதுவும் பொருந்தித் தொலைக்கும்.

செவ்வாய்ப்பேட்டை, புதன் பின்னிரவு

எண்ணுப்பெயரை விடுங்கள், அதைவிடச் சுவையான முரண் ஒன்று உள்ளே இருக்கிறது. ‘எட்டுதல்’ என்றால் போய்ச் சேருதல். ‘எட்ட’ என்றால் தொலைவு. கைக்கு எட்டுவது எட்ட இருக்காது, எட்ட இருப்பது கைக்கு எட்டாது. ஒரே வேரில் இரண்டும் எப்படி விளைந்தன என்று எண்ணித் தூக்கம் போய்விட்டது.

தூக்கம் வராத நேரத்தில் ஒரு வழி தோன்றியது. அண்மைக்கும் சேய்மைக்கும் நம் மொழியில் ஓரெழுத்தே உண்டு. அ, இ, உ மூன்றையும் தொல்காப்பியம் சுட்டு என்கிறது. கிட்ட விழுவது இவ்வொளி. தொலைவுக்குப் போவது அவ்வொளி. பம்பரில் இருக்கும் மூடுபனி விளக்குக்கு உவ்வொளி. இதுவுக்கும் அதுவுக்கும் இடைப்பட்டதைச் சுட்டும் ‘உது’ நம் பக்கம் வழக்கொழிந்தாலும் யாழ்ப்பாணத்தில் நலமாக இருக்கிறது. ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்சில் இ, அ, உ என்று பொறித்துவிட்டால் போதும், இதைவிடச் சுருக்கம் உலகில் எம்மொழிக்கும் வாய்க்காது.

ஆத்தூர், வியாழன் காலை

தேர்வில் கேள்வி வரும்: ‘இவ்வொளி என்பது எவ்வொளி?’

சூரமங்கலம், வியாழன் காலை

சிரித்து முடித்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ‘கொண்டை ஊசி வளைவு’ ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான். ஏற்காட்டுப் பாதையின் 20 வளைவுகளுக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது, யாரும் வேர் தோண்டவில்லை. கொண்டையும் ஊசியும் நம் வீட்டில் இருந்தவை, அதனால் நின்றது. அதே முறையில் செய்த ‘தலைவிளக்கு’ நிற்கவில்லை. சுரங்கத் தொழிலாளி தலையில் கட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. முகப்பு விளக்கு என்று செய்தித்தாள்கள் சரியாகவே திருத்திக்கொண்டன. தாழொளி நிற்குமா என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் நாளை மதியம் அச்சகம்.

அம்மாப்பேட்டை, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். தாழொளிக்கு ஐந்து பேர், அதில் இருவர் ‘ஏதாவது ஒன்றைப் போட்டு முடியுங்கள்’ என்று தனிமடலில் எழுதியவர்கள். தணியொளிக்கு மூன்று. கிட்டொளிக்கு இரண்டு. குனியொளிக்கு ஒன்று. இவ்வொளிக்கு ஒன்று, அது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இன்று வகுப்பில் சோதித்தும் பார்த்தேன். தாழொளி என்று கரும்பலகையில் எழுதாமல் வாயால் மட்டும் சொன்னேன். நாற்பது பேரில் பாதிக்கு மேல் ‘தாளொளி’ என்று எழுதியிருந்தார்கள். பிறகு ஒரு பையனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, ‘எதிரே லாரி வருகிறது, தணி’ என்றேன். அவன் கை யோசிக்காமல் சுவிட்சுக்குப் போனது.

ஆகவே பெயராக வரும் இடத்தில் தாழொளி, உயரொளி. முதல் முறை வரும்போது மட்டும் ‘டிம் என்று நாம் சொல்லும் தாழொளி’ என்று எழுதியிருக்கிறேன். வினையாக வரும் இடத்தில் ‘தணியுங்கள்’. ஓமலூர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். பல்பு பல்பாகவே போகிறது. 100/90 வாட் எச்சரிக்கை கொட்டை எழுத்தில் முதல் பக்கத்தில். கடைசியில் சரிபார்க்கும் முறையும் சேர்த்தேன்: சமதரையில் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தித் தாழொளியைப் போடுங்கள், இரண்டு விளக்கின் வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழ வேண்டும், ஒவ்வொரு வெளிச்சத்தின் இடப்பக்கமும் சற்று ஏறியிருப்பது குறையன்று.

ஓமலூர், வெள்ளி காலை

பொறுத்துக்கொள்கிறேன். பெயர் ஒன்று, வினை வேறொன்று என்று ஒரு கலைச்சொல்லை நான் இதற்கு முன் பார்த்ததில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அம்மாப்பேட்டை, சனி இரவு

வகுப்பு நன்றாக நடந்தது. ஏற்காட்டு அண்ணன் வந்து ஜீப்பிலேயே செய்துகாட்டினார். துண்டறிக்கையில்தான் ஒரு வருத்தம்: இரண்டாம் பக்கத்தில் மூன்று இடங்களில் அச்சகத்தார் ‘தாளொளி’ என்று கோத்துவிட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டை, சனி இரவு

‘இவ்வொளி’யில் ழகரம் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டுகிறேன்.