ஆச்சி வீடு குரூப்: செவ்வாய் ராத்திரி

செல்வி (6:38): கிண்டி ஸ்டேஷனில் நிற்கிறேன். தாம்பரம் வண்டி நெரிசல், ஒன்றை விட்டுவிட்டேன். வீடு போய்ச் சேர ஏழரை ஆகும். ராத்திரிக்கு என்ன செய்ய? அரை மணி நேரத்தில் முடிகிற மாதிரி சொல்லுங்கள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஆறு நாள்தான் ஆகிறது. அடுப்புப் புகை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சின்னவனுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை.

செல்வி (6:39): இன்னொன்று. யாராவது ஒரு பத்து நாள் வந்து இருக்க முடியுமா?

கோமதி சித்தி (6:40): உப்புமா

குமார் (6:40): சித்தி 😂 அத்தான் குரூப்பில்தான் இருக்கிறார்

கோமதி சித்தி (6:41): இருக்கட்டுமே. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆச்சு. இன்னுமா

சங்கர் மாப்பிள்ளை (6:42): 🙏

கோவை அத்தை (6:42): என்ன விஷயம்? எனக்குத் தெரியாதே

குமார் (6:43): பெண் பார்க்க வந்த அன்றைக்கு ரவை உப்புமா. சித்தி ஒரு தடவை உப்புப் போட்டார். பெரியம்மா ஒரு தடவை போட்டார். அத்தான் வீட்டில் எட்டுப் பேரும் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பினார்கள்.

பெரியம்மா (6:44): நான் போடவில்லை.

கோமதி சித்தி (6:44): சரிக்கா

குமார் (6:45): செல்வி, முட்டைத் தோசை. பத்து நிமிஷம். நான் இங்கே பெங்களூரில் வாரத்தில் நாலு நாள் அதில்தான் ஓட்டுகிறேன்

பெரியம்மா (6:45): இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

குமார் (6:46): மறந்துவிட்டேன் பெரியம்மா

பெரியம்மா (6:46): மறக்கவில்லை. தெரியும்.

பெரியப்பா (6:52): செல்வி, அனைவருக்கும் வணக்கம். வேலைக்குப் போகும் வீட்டில் ராத்திரிச் சமையல் என்பது நேரக் கணக்குதான், கைப்பக்குவக் கணக்கு அல்ல. குக்கரை நம் ஆட்கள் யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு தீயை ஏற்றினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கரில் வெயிட் போட்டதும் உள்ளே அழுத்தம் ஏறி, சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த 20 டிகிரிதான் உனக்கு மிச்சமாகும் நேரம். ஆகவே விசிலை எண்ணுவது வீண் வேலை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதற்குப் பிறகு எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மேலும் அரிசி, பருப்பு போன்று நுரைத்துப் பொங்குபவற்றைத் தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. அடுத்ததாக,

பெரியம்மா (6:53): நாற்பது வருஷத்தில் ஒரு நாள் குக்கர் வைத்திருப்பார்களா என்று கேள் செல்வி.

பெரியப்பா (6:53): அது வேறு விஷயம்.

கோவை அத்தை (6:54): ஞாயிற்றுக்கிழமை தக்காளித் தொக்கும் புளிக்காய்ச்சலும் செய்து வைத்துக்கொள் செல்வி. நான் அப்படித்தான். சாதம் வைத்தால் போதும்

செல்வி (6:55): இன்றைக்கு என்ன செய்ய அத்தை

மாமா (6:56): தேங்காய் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நம் வீட்டுப் பின்னால் நின்ற இரண்டு தென்னையையும் வெட்டச் சொன்னது யார்?

கோமதி சித்தி (6:57): தென்னையை விடு தம்பி. அந்த வீட்டுக்குத் தீர்வை கட்டியாச்சா?

மாமா (6:57): ரசீது அனுப்புகிறேன்

கோமதி சித்தி (6:57): போன வருஷமும் இதையேதான் சொன்னாய்

பெரியம்மா (6:59): ஏட்டி செல்வி, போன மாசம் நான் கொடுத்துவிட்ட தொலி உளுந்து இருக்கிறதா?

செல்வி (7:00): அப்படியே இருக்கிறது. கட்டுக்கூடப் பிரிக்கவில்லை

பெரியம்மா (7:00): உளுந்தஞ்சோறு வை. ஒரே குக்கர். குழம்பு வேண்டாம், கூட்டு வேண்டாம். ஊற வைக்கவும் வேண்டாம்.

செல்வி (7:01): அளவு?

பெரியம்மா (7:03): ஐந்து பேருக்கு அரிசி இரண்டு தம்ளர், உளுந்து ஒரு தம்ளர். உளுந்தை மட்டும் வெறும் சட்டியில் வாசம் வருகிற வரை வறு. பூண்டு பதினைந்து பல், உரித்து முழுசாகப் போடு. வெந்தயம் அரை ஸ்பூன். சீரகம் ஒரு ஸ்பூன். தேங்காய் ஒரு மூடி துருவி அதிலேயே போடு. உப்பு. தண்ணீர் ஒன்பது தம்ளர்.

கோமதி சித்தி (7:04): ஒன்பதா? கஞ்சியாகிவிடும். எட்டு போதும்

பெரியம்மா (7:04): ஆச்சி ஒன்பது ஊற்றுவாள்.

கோமதி சித்தி (7:05): ஆச்சி வெண்கலப் பானையில் வைப்பாள். மூடி திறந்திருக்கும், தண்ணீர் வற்றும். குக்கரில் எப்படி வற்றும்?

பெரியப்பா (7:05): கோமதி சொல்வது அறிவியல்படி சரி.

பெரியம்மா (7:06): நீங்கள் சும்மா இருங்கள்.

கோமதி சித்தி (7:07): அந்த வெண்கலப் பானை மட்டும் கையில் இருந்தால் இந்தத் தர்க்கமே வராது. யார் வீட்டுப் பரணில் இருக்கிறதோ

பெரியம்மா (7:07): யாரைச் சொல்கிறாய் கோமதி?

கோமதி சித்தி (7:08): யாரையும் சொல்லவில்லைக்கா. பானையைச் சொன்னேன்

குமார் (7:08): செல்வி எந்த ஸ்டேஷன்?

செல்வி (7:09): குரோம்பேட்டை. எட்டரை தம்ளர் ஊற்றுகிறேன். இருவரும் விடுங்கள்

கோவை அத்தை (7:10): தொட்டுக்கொள்ள என்ன?

பெரியம்மா (7:11): எள்ளுத் துவையல். கறுப்பு எள், மிளகாய் வற்றல், கொஞ்சம் புளி, தேங்காய். எள்ளைச் சின்னத் தீயில் வறுத்து, வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கு. விட்டால் கசக்கும். சாதத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளச் சொல்.

அம்மா (7:16): குரல் செய்தி 0:48

குமார் (7:17): அம்மா, உன்னை யார் போன் பார்க்கச் சொன்னது

அம்மா (7:17): குரல் செய்தி 0:09

கோவை அத்தை (7:18): ஸ்பீக்கர் போட முடியவில்லை. கடையில் இருக்கிறேன். என்ன சொல்கிறாள்?

குமார் (7:19): போனைப் பார்க்கவில்லையாம், பேத்தி படித்துக் காட்டுகிறாளாம். தேங்காய் துருவி, பூண்டு உரித்து வைத்துவிட்டாளாம். அடுப்புப் பக்கம் போகவில்லை, அரிவாள்மணை அடுப்பு இல்லையே என்கிறாள். மீதி நாற்பது செகண்டும் ஒன்பது தம்ளர்தான் சரி என்பது.

பெரியம்மா (7:19): பார்த்தாயா.

கோமதி சித்தி (7:20): குனிந்து துருவலாமா? குனியக் கூடாது என்றுதானே சொன்னார்கள்

செல்வி (7:33): வந்துவிட்டேன். உட்கார்ந்துதான் துருவினாளாம். அதுவும் குனிவதுதான். திட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறேன்

செல்வி (7:36): உளுந்து வறுக்கிறேன். ஆச்சி வீட்டு அடுக்களை வாசம் வருகிறது

மாமா (7:37): ❤️

செல்வி (7:56): குக்கர் வைத்துப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. விசில் வரவில்லை. மூடிக்குப் பக்கத்தில் ஆவி புஸ்ஸென்று போகிறது. அடுப்புத் திட்டெல்லாம் கஞ்சி

கோமதி சித்தி (7:56): ஒன்பது ஊற்றினாயா

செல்வி (7:57): சித்தி!!

பெரியப்பா (7:58): முதலில் அடுப்பை அணை. ஆவி அடங்கும் வரை மூடியில் கை வைக்காதே. பக்கவாட்டில் ஆவி போனால் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ரப்பர் சூட்டில் விரிந்து நாளாக நாளாகத் தொளதொளவென்று ஆகிவிடும். உள்ளே அழுத்தம் நிற்காது. நான் சொன்ன 120 டிகிரி வரவே வராது.

பெரியம்மா (7:58): கழற்றி ஃப்ரீஸரில் பத்து நிமிஷம் வை. இறுகும்.

பெரியப்பா (7:59): அதைத்தான் அடுத்துச் சொல்ல வந்தேன்.

செல்வி (8:04): வைத்திருக்கிறேன். ஐஸ்கிரீம் டப்பா மேலே கேஸ்கட். சின்னவன் பசிக்கிறது என்கிறான்

கோமதி சித்தி (8:05): மாவு இல்லையா?

செல்வி (8:05): புளித்துப்போய் இரண்டு கரண்டி இருக்கிறது

கோமதி சித்தி (8:06): வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம். புளித்த மாவுக்கு அதுதான் கதி. மிளகாய் குறைவாகப் போடு

செல்வி (8:16): ஒன்று அவனுக்கு, ஒன்று அம்மாவுக்கு. கேஸ்கட்டை மாட்டிவிட்டேன்

செல்வி (8:22): விசில்!!!

குமார் (8:22): 👏👏

பெரியப்பா (8:23): இப்போது தீயைக் குறை. பத்து நிமிஷம். விசிலை எண்ணாதே.

பெரியம்மா (8:23): நாலு விசில் விடு.

சங்கர் மாப்பிள்ளை (8:31): ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டேன். வரும் வழியில் பரோட்டா வாங்கிவரவா?

குமார் (8:31): அத்தான் மேலே படிக்கவே இல்லை

சங்கர் மாப்பிள்ளை (8:32): உப்புமா என்றதோடு நிறுத்திவிட்டேன்

செல்வி (8:33): ஒன்றும் வாங்காதீர்கள். கேஸ்கட் வாங்கி வாருங்கள். ஐந்து லிட்டர் குக்கருக்கு. உள்மூடியா வெளிமூடியா என்று கடையில் கேட்பார்கள், வெளிமூடி

சங்கர் மாப்பிள்ளை (8:33): 👍

செல்வி (9:05): 📷 படம்

கோமதி சித்தி (9:06): கொஞ்சம் குழைந்திருக்கிறது

பெரியம்மா (9:06): சரியாக இருக்கிறது. எள்ளுத் துவையலைக் காணோமே?

செல்வி (9:08): நேரமில்லை பெரியம்மா. ஊறுகாய். பெரியவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அதனால் நன்றாக இருந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்

செல்வி (9:20): நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பத்து நாள்

மாமா (9:31): அத்தைக்குக் கடையை விட்டு வர முடியாது செல்வி. உனக்கே தெரியும்

கோமதி சித்தி (9:34): நான் வருவேன். வெள்ளிக்கிழமை இங்கே தென்காசியில் ஒரு வளைகாப்பு. அது முடியட்டும்

பெரியம்மா (9:36): நான் நாளைக்கே வருகிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பெரியப்பா (9:37): யாரிடம் சொன்னாய்?

பெரியம்மா (9:37): உங்களிடம்தான்.

பெரியப்பா (9:52): வெயிட்டிங் லிஸ்ட். அதுபோக, நீ போனால் இங்கே எனக்குச் சாப்பாடு?

குமார் (9:53): பெரியப்பா, குக்கரில் 120 டிகிரி 😂

கோமதி சித்தி (9:54): அக்கா போவதானால் பானையையும் எடுத்துக்கொண்டு போகட்டும்

பெரியம்மா (9:54): கோமதி.

மாமா (5:47): இனிய புதன்கிழமை காலை வணக்கம் 🌹

செல்வி (6:10): மாமா, தீர்வை ரசீது. பெரியம்மா, டிக்கெட் என்ன ஆச்சு? இன்றைக்கு ராத்திரிக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஏழு மணிக்கு ரயிலில் நின்றுகொண்டு என்னால் இதையெல்லாம் படிக்க முடியவில்லை

கோமதி சித்தி (6:12): உப்புமா