என் வழங்கி மூடப்படுகிறது: மாஸ்டடானிலேயே வேறு இடம் பார்ப்பதா, எக்ஸுக்குத் திரும்புவதா?

மழைக்காகம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 2022 அக்டோபர் இறுதியில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது அங்கிருந்து மூட்டை கட்டியவர்களில் நானும் ஒருவன். மாஸ்டடானில் சேரப் போனால், முதல் வேலையாக ஒரு வழங்கியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் தளமல்ல, வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல வழங்கிகள் (சர்வர்கள்) ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளம். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. பெயர் அழகாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சிறிய வழங்கி ஒன்றில் கணக்குத் தொடங்கினேன். அதைத் தனியொருவராக நடத்திவந்தவர், மூன்று மாதத்தில் மூடப்போவதாகப் போன வாரம் அறிவித்துவிட்டார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை, முன்கூட்டியே சொன்னாரே என்ற நன்றிதான் இருக்கிறது.

என்னைப் பின்தொடர்பவர்கள் 412 பேர். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. வேறு வழங்கிக்குப் போனால் இவற்றில் எவை என்னுடன் வரும்? இன்னொரு ஐயமும் உண்டு. எனக்குப் பழக்கமான கீச்சர்களில் (ட்விட்டரில் எழுதுபவர்களில்) பாதிப்பேர் சில மாதங்களிலேயே எக்ஸுக்கு, அதாவது பெயர் மாறிய ட்விட்டருக்கு, திரும்பிவிட்டார்கள். என் பழைய கணக்கும் அங்கே அப்படியே தூங்கிக்கொண்டிருக்கிறது. இந்தச் சிரமத்தையெல்லாம் படுவதற்குப் பதிலாக நானும் அங்கேயே போய்விடலாமா?

ஓரெழுத்து எழுதுகிறார்:

பின்தொடர்பவர்கள் வருவார்கள், பதிவுகள் வரமாட்டா. கைப்பேசி நிறுவனத்தை மாற்றினாலும் எண் மாறாத வசதி 2011 ஜனவரியில் நம் நாடு முழுவதும் வந்தது நினைவிருக்கும். மாஸ்டடானில் நடப்பது ஏறக்குறைய அதற்கு நேர்மாறு: உங்கள் எண், அதாவது முகவரி, மாறிவிடும், ஆனால் உங்களை அழைத்துக்கொண்டிருந்தவர்களின் கைப்பேசிகளில் புதிய எண் தானாகவே பதிந்துவிடும்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் புதிய வழங்கியில் கணக்குத் தொடங்கி, அதன் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகக் குறிப்பிடுங்கள். 'இந்தப் பழைய ஆளும் நான்தான்' என்று புதிய கணக்கு ஒப்புக்கொள்வதற்கான ஏற்பாடு அது. அது இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தம் கூட்டத்தைச் சம்பந்தமில்லாத ஒருவர் கணக்கின்மேல் ஏற்றிவிடலாம். அதன் பிறகு பழைய கணக்குக்குள் சென்று, இடம் மாறுவதாக அறிவியுங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் எந்தெந்த வழங்கிகளில் இருக்கிறார்களோ அவற்றுக்கெல்லாம் அந்தச் செய்தி போகும். அவை பழைய முகவரியை விட்டுப் புதிய முகவரியைப் பின்தொடரத் தொடங்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் 412 பேரும் வந்து சேர்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நெடுநாளாகச் செயலிழந்து கிடக்கும் வழங்கிகளில் உள்ளவர்கள் உதிர்ந்துபோவார்கள்.

நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், குறித்துவைத்த பதிவுகள் ஆகியவற்றைத் தனித்தனி சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்புகளாக இறக்கிப் புதிய கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். பதிவுகளை மொத்தமாக ஆவணமாகக் கோரிப் பெறலாம், ஆனால் அதை எந்த மாஸ்டடான் வழங்கியிலும் மீண்டும் ஏற்ற முடியாது. உங்கள் கணினியில் பெட்டகம்போல் கிடக்கும், அவ்வளவுதான். இவை எல்லாவற்றுக்கும் பழைய வழங்கி உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், மூன்றாவது மாதத்தின் கடைசி நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாட்களுக்கு மீண்டும் மாற முடியாது. எனவே இம்முறை பெயரின் அழகை மட்டும் பார்க்காமல் வழங்கியைத் தேர்ந்தெடுங்கள்.

பழங்கீச்சன் எழுதுகிறார்:

மாறும் வழியை ஓரெழுத்து தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் படையெடுப்பை நான் இரண்டு முறை பார்த்தவன். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஜி வணக்கம் செலுத்தும் கூட்டத்தின் நடுவே கை தூக்காமல் நிற்கும் ஜெர்மானியத் தொழிலாளியின் புகழ்பெற்ற படத்தை அவர் முகப்பில் வைத்திருந்ததே முதல் காரணமாகச் சொல்லப்பட்டது. மீண்டும் முடக்கியபோது ஓர் இந்திக் கவிதையைப் பகிர்ந்தது காரணமாயிற்று. அந்த நவம்பரில் இந்தியர்கள் திரள்திரளாக மாஸ்டடானுக்கு வந்தார்கள். நானும் வந்தேன். ஒரு வாரம் திருவிழாவாக இருந்தது, பிறகு கடைகளைப் பிரித்த மைதானம்போல் ஆகிவிட்டது.

2022-இல் நடந்தது அளவில் பெரியது, போக்கில் அதேதான். அந்த ஆண்டின் இறுதியில் மாதந்தோறும் வந்துபோகிறவர்கள் சுமார் 25 லட்சம் பேர் என்ற நிலை, அடுத்த சில மாதங்களில் சுமார் 14 லட்சமாக இறங்கியது. இதற்கு மாஸ்டடானின் சிக்கலான அமைப்பே காரணம் என்று பலரும் சொல்வார்கள்; அதில் உண்மை உண்டு. எழுத்துத் தேடல் என்பதே 2023-இல்தான் முறையாக வந்தது, அதுவும் எழுதியவர் இசைந்தால் மட்டுமே. மேற்கோள் காட்டிக் கருத்துரைக்கும் வசதியை வெகுகாலம் வேண்டுமென்றே சேர்க்காமல் வைத்திருந்தார்கள், பழைய இடத்தின் வம்புச் சண்டைகள் தொற்றிக்கொள்ளும் என்ற அச்சத்தால்.

ஆனால் என்னைக் கேட்டால், ஆட்களை மாஸ்டடானில் நிலைக்கவிடாமல் தடுத்தது முகவரிப் புத்தகம்தான். யார் எங்கே போனார்கள் என்பது தெரிந்தால்தானே பின்னால் போக முடியும்? 2022 டிசம்பரில் மாஸ்டடான் முதலிய தளங்களுக்கு இணைப்புக் கொடுத்து விளம்பரப்படுத்துவதையே ட்விட்டர் தடை செய்தது. எதிர்ப்பு கிளம்பியதால் உடனே அந்த விதியை விலக்கிக்கொண்டாலும், எதைக் கண்டு அஞ்சினார்கள் என்பது வெளியே தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இலவச ஏபிஐ வாயிலை (வெளியார் மென்பொருள்கள் ட்விட்டரின் தரவை எடுக்கும் வழியை) மூடியதும், நண்பர்களின் புதிய முகவரிகளைத் தேடித் தந்த சிறு கருவிகளும் முடங்கின. எனவே உங்களுக்கு வேண்டியவர்கள் எக்ஸில்தான் இருக்கிறார்கள் என்றால், அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆட்களுக்காகத்தானே ஓரிடத்தில் இருக்கிறோம்? நான் இரண்டிலும் ஒரு காலை வைத்திருக்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

திண்ணைவாசி எழுதுகிறார்:

நான் அறுபது பேருக்கு ஒரு மாஸ்டடான் வழங்கி நடத்துகிறேன். உங்கள் வழங்கியை நடத்துபவர் ஏன் மூடுகிறார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. எங்கள் ஆட்கள் அறுபது பேர்தான், ஆனால் அவர்கள் பின்தொடர்பவர்கள் பல்லாயிரம். அந்தப் பல்லாயிரம் பேர் போடும் பூனைப் படமும் சமையல் காணொளியும் எங்கள் வழங்கிக்கு வந்து ஒரு படியாகத் தங்கிவிடுகின்றன. ஒரு சனிக்கிழமை அதிகாலை வட்டு நிரம்பி எல்லாமே நின்றுபோனது. பார்த்தால் எங்கள் சொந்தப் படங்கள் இரண்டு ஜிபிகூட இல்லை, மீதி முழுவதும் ஊரார் படங்கள். இப்போது ஏழு நாளுக்கு மேற்பட்ட வெளிப் படங்களை நள்ளிரவில் தானாகக் கழித்துவிடும்படி அமைத்திருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை, புகார்கள்தாம் ஆளைத் தின்றுவிடும். இருவர் சண்டையிட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் என்னிடம்தான் வரும். அலுவலகம் முடிந்து வந்து பஞ்சாயத்துப் பண்ண வேண்டும்.

ஆகவே புதிய வழங்கியைப் பார்க்கும்போது மூன்று செய்திகளை விசாரியுங்கள்: நிர்வாகிகள் ஒருவருக்கு மேல் இருக்கிறார்களா, செலவுக்கணக்கு பொதுவில் இருக்கிறதா, மூட நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்புத் தருவார்கள். இணைய முகவரியின் ஈற்றையும் (.com, .in போன்றது) பாருங்கள். ஆப்கானிஸ்தானுக்குரிய ஈற்றை வேடிக்கைக்காக வாங்கி நடந்துவந்த ஒரு வழங்கியின் முகவரியை 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு நிறுத்திவிட்டது. இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது, வாசலின் பெயர்ப்பலகை போய்விட்டது.

பழங்கீச்சன் சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ஜெர்மன் கூட்டரசின் அலுவலகங்கள் தங்களுக்கென்றே ஒரு மாஸ்டடான் வழங்கியை வைத்திருக்கின்றன; பிபிசி 2023-இல் சோதனை முயற்சியாகத் தனக்கென ஒன்றை நிறுவியது. திருவிழா முடிந்த மைதானத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள் ஐயா, அவர்களுடைய விளக்கு தூரத்திலிருந்து தெரிவதில்லை.

மழைக்காகம் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து, கடந்த ஆறு மாதத்தில் எனக்கு மறுமொழி எழுதியவர்களை எண்ணிப் பார்த்தேன். 412 பேரில் 23 பேர். எக்ஸில் உள்ள பழைய நண்பர்களில் எனக்கு உண்மையில் பேச வேண்டியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேரின் கைப்பேசி எண் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று நிர்வாகிகளும் பொதுவில் வரவுசெலவுக் கணக்கும் உள்ள வழங்கி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஆவணத்தையும் கோரியாயிற்று. ஒரு சந்தேகம் மட்டும்: மாறிய பிறகு பழைய கணக்கை அப்படியே விட்டுவிடலாமா, நானாக நீக்க வேண்டுமா?

ஓரெழுத்து எழுதுகிறார்:

நீக்க வேண்டாம். அது புதிய முகவரியைக் காட்டும் அறிவிப்பாக நிற்கும், தாமதமாகத் தேடி வருபவர்களுக்கு உதவும். வழங்கி மூடும்போது அதுவும் தானாகப் போய்விடும்.