எடை எவ்வளவுன்னு முதல்ல சொல்லு

செல்வி: சித்தி இருக்கீங்களா, பாப்பாவுக்கு காலையிலேர்ந்து வயித்தால போகுது, தண்ணி தண்ணியா ஏழெட்டு தடவை ஆயிருச்சு, ரெண்டு வாட்டி வாந்தியும் எடுத்துட்டா, இப்ப தொட்டா சுடுது, 101 காட்டுது

ராஜம் பெரியம்மா: பல்லு மொளைக்கிற நேரத்துல அப்படித்தான் போகும். இல்லாட்டி உரம் விழுந்திருக்கும், தூக்குறப்ப எங்கயாச்சும் சுளுக்கிருக்கும், யாராச்சும் பாட்டிகிட்ட தூக்கிட்டுப் போயி உரம் எடுத்துட்டு வா. பால நிறுத்திட்டு வெறும் கஞ்சித்தண்ணி மட்டும் குடு

மாமா: மெடிக்கல்ல உப்பு சக்கரைத் தண்ணி மாதிரி ஆரஞ்சு டேஸ்ட்ல டெட்ரா பேக் இருக்குல்ல, வாங்கிட்டு வரவா செல்வி

விமலா சித்தி: எல்லாரும் கொஞ்சம் இருங்க. செல்வி, நான் கேக்குறத மட்டும் பாத்து சொல்லு. கண்ணு உள்ள போயிருக்கா, அழுதா கண்ணீர் வருதா, கடைசியா எப்ப ஒன்னுக்கு போனா, தண்ணி காட்டுனா ஆவலா குடிக்கிறாளா இல்ல குடிக்கவே தெம்பில்லாம கெடக்காளா. அப்புறம் தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவுல வயித்துத் தோல ரெண்டு விரலால கிள்ளி விட்டுப் பாரு, டக்குனு பழையபடி ஆகுதா மெதுவா ஆகுதா

செல்வி: கண்ணு லேசா உள்ள போன மாதிரிதான் இருக்கு, கண்ணீர் வரல, ஒன்னுக்கு ரெண்டு மணிக்கு போனது சித்தி இப்ப எட்டரை ஆச்சு. டம்ளர பாத்தா புடுங்குறா. தோல் மெதுவாதான் போகுது, நைநைன்னு அழுதுகிட்டே இருக்கா

விமலா சித்தி: அப்ப வீட்லயே வச்சு பாக்குற கட்டம் தாண்டிருச்சு. மாப்ளய ஆட்டோ கூப்பிட சொல்லு, ஜிஹெச்சுக்கு கெளம்புங்க. வழியில தூங்கித் தூங்கி விழுந்தாலோ எழுப்புனா எழும்பலேன்னாலோ 108 அடிச்சிருங்க, யோசிக்காதீங்க. ஆட்டோ வர்ற வரைக்கும் ஓஆர்எஸ் ஆரம்பி, அதான் அந்த உப்பு சக்கரைத் தண்ணிப் பொடி. பாக்கெட் இருக்கா?

செல்வி: இருக்கு, அங்கன்வாடியில குடுத்தது. பால் பாட்டில்ல 150 வரைக்கும் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், முழுசா கொட்டிரலாம்ல?

விமலா சித்தி: கொட்டாத கொட்டாத. பாக்கெட் பின்னாடி எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கு பாரு, போட்டோ அனுப்பு

செல்வி: [போட்டோ] 1 லிட்டர்னு இருக்கு

விமலா சித்தி: ஆமா இது பெரிய பாக்கெட். முழு பாக்கெட்டும் முழு ஒரு லிட்டர் ஆறவச்ச தண்ணியில, ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில்லயே கலக்கு, கண்ணளவு வேணாம். 200 மில்லிக்குன்னு சின்ன பாக்கெட் தனியா வருது, ரெண்டையும் குழப்பிக்கிட்டு 150 மில்லியில பெரிய பாக்கெட்ட கொட்டுனா உப்பு ஆறு மடங்குக்கு மேல ஏறிடும், ரத்தத்துல சோடியம் ஏறி புள்ளைக்கு வலிப்பே வந்துரும், அதுக்காகத்தான் கத்துறேன். சக்கரை சேக்காத, கலந்ததுக்கப்புறம் சூடு பண்ணாத, 24 மணி நேரம் தாண்டுனா கீழ ஊத்திரு. பாட்டில்ல குடுக்காத, ஸ்பூன்ல. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி இன்னும் மெதுவா

மாமா: அப்ப டெட்ரா பேக் வேணாமா விமலா? அதுவும் அதே தண்ணிதானேம்மா

விமலா சித்தி: இல்லண்ணே. அதுல சக்கரை ரொம்ப அதிகம், அந்த சக்கரை குடல்ல இருக்குற தண்ணிய இன்னும் வெளிய இழுக்கும், வயித்தால போறது கூடும். நெஜமான ஓஆர்எஸ்ல ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், அப்புறம் பொட்டாசியம், சிட்ரேட், அவ்வளவுதான். ஹைதராபாத்துல ஒரு குழந்தை டாக்டரம்மா வருஷக்கணக்கா போராடிதான் 2025 அக்டோபர்ல அந்த மாதிரி ஜூஸ் மேல ஓஆர்எஸ்னு பேர் போடக்கூடாதுன்னு உத்தரவே வந்துச்சு. அக்கா, நீங்க கோவிச்சுக்காதீங்க, உரம் எடுக்குறேன்னு புள்ளைய இப்ப துணியில போட்டு உருட்டவோ தலைகீழா புடிக்கவோ வேணாம். தாய்ப்பாலையும் நிறுத்த வேணாம், கேக்குறப்பல்லாம் குடுக்கட்டும்

ராஜம் பெரியம்மா: எங்க காலத்துல அதெல்லாம் பண்ணித்தான் வளத்தோம். சரி நீ ஆஸ்பத்திரியில இருக்குறவ, நீ சொல்றத கேக்குறோம். புள்ள நல்லா இருந்தா போதும்

செல்வி: சித்தி காய்ச்சலுக்கு? வீட்ல ரெண்டு பாராசிட்டமால் பாட்டில் இருக்கு. ஒன்னு தடுப்பூசி போட்டப்ப குடுத்த சின்ன சொட்டு மருந்து, இன்னொன்னு அக்கா பையனோட சிரப். அவனுக்கு 5 மில்லி குடுப்பாங்க, இவளுக்கு பாதி குடுக்கவா

விமலா சித்தி: பாதி கால்வாசின்னெல்லாம் கணக்கு இல்லம்மா. புள்ள எடை எவ்வளவு?

செல்வி: 9 மாச ஊசிக்கு போனப்ப 8.1 கிலோ, போன வாரம்தான்

விமலா சித்தி: சரி 8ன்னு வச்சுக்க. கிலோவுக்கு 15 மி.கி, அப்ப ஒரு வேளைக்கு 120 மி.கி. இப்ப அந்த பாட்டில் ரெண்டையும் திருப்பிப் படி. சொட்டு மருந்துல 1 மில்லியில 100 மி.கின்னு இருக்கும், சிரப்புல 5 மில்லியில 250ன்னு இருக்கும், சரியா?

செல்வி: ஆமா அப்படியே இருக்கு

விமலா சித்தி: பாத்தியா, சின்ன பாட்டில்தான் கெட்டி. அதுல 1.2 மில்லி போதும், அந்த சிரப்புன்னா 2.4 மில்லி. ஸ்பூன் அளவ பழக்கத்துல வச்சுக்கிட்டு சொட்டு மருந்த 5 மில்லி ஊத்துனா 500 மி.கி போயிரும், நாலு மடங்கு, ஈரல் தாங்காது. எங்க வார்டுக்கு இப்படி வர்ற புள்ளைங்கள பாத்து பாத்து மனசு நொந்து போயிருக்கேன், எல்லாம் பாசமா குடுத்ததுதான். ஊசியில்லாத 2 மில்லி சிரிஞ்ச் மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க, அதுல எடு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு நாலு வேளைக்கு மேல கூடாது. சளி சொட்டு மருந்துலயும் சில சமயம் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் சேத்து குடுத்துராத. காய்ச்சலுக்குக் குடுக்குற இன்னொரு மருந்து ஐபுபுரோஃபென், அது வேணவே வேணாம், உடம்புல தண்ணி இல்லாதப்ப அது கிட்னிய பதம் பாக்கும். மெடிக்கல்ல வயித்தால போறத நிறுத்துற மாத்திரைன்னு எதாவது குடுத்தா வாங்காத, புள்ளைங்களுக்கு அது கூடவே கூடாது

செல்வி: 1.2 குடுத்துட்டேன், 8.50 மணி. ஆட்டோ வந்துருச்சு

விமலா சித்தி: மணியையும் அளவையும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போ, அங்க கேப்பாங்க

---

செல்வி: வந்துட்டோம். எடை போட்டாங்க, 7.6 தான் இருக்கு சித்தி, பயமா இருக்கு

விமலா சித்தி: அரை கிலோ தண்ணியாவே போயிருக்கு, அத திரும்ப ஏத்திரலாம்மா, பயப்படாத. இனிமே எல்லா மருந்தும் அந்த 7.6 கிலோவுக்குத்தான் கணக்கு. டாக்டர் என்ன சொல்றாங்க

செல்வி: 570 மில்லி ஓஆர்எஸ் நாலு மணி நேரத்துல குடுக்கணுமாம், இங்கயே ஒரு மூலையில பெஞ்சு போட்டு உக்கார வச்சிருக்காங்க, வாந்திக்கு ஒரு வேளை மருந்து குடுத்தாங்க

மாமா: என்னம்மா இது குளுக்கோஸ் ஏத்தலையா? தனியார்ல பாக்கலாமா?

விமலா சித்தி: அண்ணே அவங்க சரியாத்தான் பண்றாங்க. கிலோவுக்கு 75 மில்லி, 7.6க்கு 570. புள்ள வாயால குடிக்கிறா, குடல் இழுத்துக்குது, அப்புறம் எதுக்கு ஊசி குத்தணும்? மயங்கிக் கெடந்தா, குடிக்கவே முடியலேன்னாத்தான் டிரிப். அதுவும் ஒரு வயசுக்கு கீழன்னா கிலோவுக்கு 30 மில்லி முதல் ஒரு மணி நேரத்துல, மிச்சம் 70 அஞ்சு மணி நேரத்துல, ரிங்கர் லாக்டேட்ங்கிற உப்பு டிரிப்தான், வெறும் குளுக்கோஸ் இல்ல. நாங்க மணிய பாத்துகிட்டே நிப்போம், வேகமா போனா புள்ளைக்கு மூச்சு முட்டிரும். 1971 பங்களாதேஷ் போர் சமயத்துல அகதி முகாம்ல காலரா வந்து டிரிப் பாட்டில் தீந்து போனப்ப டாக்டர் திலீப் மஹலனாபிஸ் டிரம் டிரம்மா உப்பு சக்கரைத் தண்ணிய கலந்து வாயால குடுத்துத்தான் அத்தனை உசுர காப்பாத்துனாரு. செல்வி, 5 மில்லி ஸ்பூனால ரெண்டு நிமிஷத்துக்கு ஒன்னுன்னு குடுத்தா மணிக்கு 150 மில்லி, கணக்கு சரியா வந்துரும். நீயும் மாப்ளயும் மாத்தி மாத்தி உக்காருங்க

செல்வி: அவருக்குத்தான் பொறுமை, மொபைல்ல ரெண்டு நிமிஷம் அலாரம் வச்சுட்டு குடுத்துகிட்டு இருக்காரு

ராஜம் பெரியம்மா: மாரியாத்தாளுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சிருக்கேன்டி

---

செல்வி: மணி 1.40. ஒன்னுக்கு போயிட்டா சித்தி!! டயப்பர் நல்லா கனமா இருக்கு. கண்ணுல உசுரு வந்துருச்சு, பாலும் குடிச்சா. காலையில ஒருதடவை பாத்துட்டு விட்டுருவாங்களாம்

விமலா சித்தி: அப்பாடா. இனிமே ஒவ்வொரு தடவை வயித்தால போனதும் 50லேர்ந்து 100 மில்லி ஓஆர்எஸ். ஜிங்க் மாத்திரை குடுப்பாங்க, 20 மி.கி, தாய்ப்பால் ஒரு ஸ்பூன் பீச்சி அதுல கரைச்சு குடு, ஒரு நாளைக்கு ஒன்னு, 14 நாள். வயித்தால போறது நின்னுருச்சுன்னு நடுவுல விட்டுராத, முழுசா குடுத்தாத்தான் அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு திரும்ப வராம காக்கும். ரத்தமா போனா, குடிக்க மறுத்தா, ஆறு மணி நேரம் ஒன்னுக்கு போகலேன்னா திரும்ப கூட்டிட்டு போயிரு

ராஜம் பெரியம்மா: இங்க எதுத்த வீட்டு புள்ளைக்கும் வயித்தால போகுதாம், நாலு மாசம். அதே மாத்திரை குடுக்கலாமா விமலா

விமலா சித்தி: ஆறு மாசத்துக்கு கீழன்னா பாதி மாத்திரை, 10 மி.கிதான் அக்கா. ஆனா நீங்களா குடுக்காதீங்க, காலையில முதல் வேலையா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்க. அங்க ஓஆர்எஸ், ஜிங்க் ரெண்டும் காசில்லாம தருவாங்க, அந்த புள்ளையையும் முதல்ல எடை போட சொல்லுங்க

ராஜம் பெரியம்மா: சரிடி, நானே கூட போறேன்