டெய்ல்ஸ்ல நம்ம புரோகிராம் மட்டும் நெட்டுக்குப் போவ மாட்டேங்குது, பிரவுசர் நல்லாத்தான் ஓடுது

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம்ங்க. தர்மபுரியில தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க குழந்தைக் கல்யாணம் பத்தி வர்ற புகார்லாம் சேத்து வெக்கறாங்க. யாரு சொன்னாங்கன்னு வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள பிரச்சனை ஆயிடும், அதனால டெய்ல்ஸ் பென்டிரைவ்ல தான் வேல பாக்கறாங்க (பென்டிரைவ்ல இருந்தே ஓடற லினக்ஸ் அது, நெட்டுக்குப் போறதெல்லாம் ஆள அடையாளம் காட்டாத டோர் நெட்வொர்க் வழியாத்தான் போவும்). அவங்களுக்காக பைதான்ல சின்னதா ஒண்ணு எழுதிக் குடுத்தேன், சர்வர்ல இருந்து புகார எடுத்து பிரிண்ட் பண்ற மாதிரி பண்ணிடும், அவ்ளோதான். எட்டு மாசம் ஒரு தொந்தரவும் இல்ல.

இப்ப டெய்ல்ஸ் 6ல இருந்து 7க்கு மாத்துனோம், அதுல இருந்து ஆரம்பிச்சிச்சி. மொதல்ல நெட்ல இருந்து எடுக்கறதுக்கான ரிக்வெஸ்ட்ஸ்னு ஒரு மாட்யூலே இல்லன்னு சொல்லிச்சி, பெர்சிஸ்டென்ட் ஃபோல்டர்ல (ஆஃப் பண்ணாலும் அழியாத எடம்) வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (புரோகிராமுக்கு வேண்டிய பேக்கேஜ் எல்லாம் இருக்கற தனி ஃபோல்டர்) அப்படியே தான் இருக்குது, உள்ள பாத்தா ஃபைலும் இருக்குது! சரின்னு வீட்டு டெபியன் லினக்ஸ்ல இருந்து அந்த ஒரு பேக்கேஜ மட்டும் காப்பி பண்ணி போட்டேன், அப்பறம் சாக்ஸ் (டோருக்குப் போற பிராக்ஸி வழி) சப்போர்ட்டுக்கு என்னமோ இல்லன்னு வேற எரர், அந்த பிராக்ஸி லைனே வேணாம்னு ஓடாத மாதிரி கமென்ட் பண்ணிட்டேன். இப்ப புரோகிராம் ஓப்பன் ஆவுது, ஆனா "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்". அதே அட்ரஸ் டோர் பிரவுசர்ல போட்டா வருது. பிங் பண்ணாலும் ஒண்ணும் இல்ல. இதுல லாக்குல டைம் வேற 5.12ன்னு காட்டுது, இங்க காலைல மணி 10.42. டைம் தப்பா இருக்கறதால தான் இப்படியாங்க? லாக் முழுசா கீழ ஒட்டியிருக்கேன்.

ஹோகேனக்கல்_பரிசல்:
ஃபயர்வால் ரூல் எல்லாத்தயும் அழிச்சிட்டு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க ப்ரோ, எனக்கு வேற லினக்ஸ்ல இதே மாதிரி வந்துச்சு, அப்படித்தான் சரி ஆச்சு.

ஓசூர்_டெர்மினல்:
பரிசல், தப்பா நெனச்சுக்காத, அத மட்டும் யாரும் பண்ணிடாதீங்க. டோர் வழியா போவாதத தடுக்கறது தான் டெய்ல்ஸோட வேலையே. அந்தச் சுவர இடிச்சிட்டா அந்த அக்கா வீட்டு ஐபி நேரா சர்வருக்குப் போயிடும், அப்பறம் பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணி என்ன பிரயோஜனம்.

தம்பி, மொதல்ல அந்த லாக்க அழி. வைஃபை பேரும் மேக் அட்ரஸும் (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) அப்படியே கெடக்குது அதுல.

இப்ப விஷயத்துக்கு வரேன். இதுல மூணு சிக்கல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு இருக்குது. டெய்ல்ஸ் 6 டெபியன் 12 மேல நிக்கிது, அதுல பைதான் 3.11. டெய்ல்ஸ் 7 டெபியன் 13, பைதான் 3.13. உன் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்ல இருக்கற பைதான் வெறும் லிங்க் தான், சிஸ்டத்துல எது இருக்கோ அதத்தான் காட்டும். இப்ப அது 3.13னு எந்திரிச்சி வந்து 3.13 ஃபோல்டர தேடுது, உன் பேக்கேஜ் எல்லாம் பழைய 3.11 ஃபோல்டர்ல தூங்குது. அதான் ஃபைல் இருந்தும் இல்லன்னு சொல்லுது.

அடுத்தது நீயே இழுத்து விட்டுக்கினது. ரிக்வெஸ்ட்ஸ மட்டும் காப்பி பண்ண, சாக்ஸுக்கான பைசாக்ஸ் பேக்கேஜ விட்டுட்ட, அதான் சாக்ஸ் இல்லன்னு கத்துச்சு. நீ என்னடான்னா கத்தறவன் வாய கட்டுற மாதிரி பிராக்ஸி லைனயே கமென்ட் பண்ணிட்ட. இத்தன நாளா அந்த ஒரு லைன் தான் டோருக்கு வழி காட்டிக்கினு இருந்துச்சு. அது போனதும் புரோகிராம் நேரா வெளிய போவப் பாத்துச்சு, ஃபயர்வால் கதவ சாத்திடுச்சு. சந்தேகமா இருந்தா அட்மின் பாஸ்வேர்ட் வெச்சி பூட் பண்ணி ஜர்னல் லாக்குல "டிராப்ட் அவுட்பவுண்ட் பாக்கெட்"னு தேடிப் பாரு, நீ ரன் பண்ற நேரத்துக்குச் சரியா ஒரு வரி விழுந்திருக்கும். எந்த அட்ரஸ், எந்த போர்ட்னு கூட அதுலயே இருக்கும். நான் எந்த ஆப்ப டெய்ல்ஸ்ல சோதிச்சாலும் மொதல்ல அந்த வரியத்தான் தேடுவேன், வந்துச்சின்னா கோளாறு ஆப்புல, சிஸ்டத்துல இல்ல.

பிங் விடு, அது ஐசிஎம்பின்னு வேற வகை பாக்கெட். டோர் டிசிபிய மட்டும் தான் தூக்கிக்கினு போவும், யுடிபி கூட போவாது. அத வெச்சி எதயும் முடிவு பண்ண முடியாது.

பாலக்கோடு_தக்காளி:
டைம் பத்தி யாரும் சொல்லலயே. அது தப்பு இல்லீங்க, யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். 10.42ல அஞ்சரை மணி நேரம் கழிச்சா 5.12, கணக்கு சரியா வருதா? எந்த ஊர்ல இருக்கோம்னு டைம் ஜோன வெச்சி தெரியக் கூடாதுல்ல, அதுக்குத்தான். விண்டோஸ் இருக்கற லேப்டாப்ல மட்டும் பாத்துக்கோங்க, விண்டோஸ் கடிகாரத்த நம்ம ஊரு நேரத்துல வெக்கும், டெய்ல்ஸ் அத யூடிசின்னு நம்பி அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடும், அப்ப டோரே கனெக்ட் ஆவாம மக்கர் பண்ணும். உங்களுக்கு பிரவுசர் வருதுன்னா அந்தக் கவல இல்ல.

இன்னொண்ணு, இனிமே அந்த வெர்ச்சுவல் என்விரான்மென்டே வேணாங்க. டெபியன்லயே பைதான்3-ரிக்வெஸ்ட்ஸ், பைதான்3-சாக்ஸ் ரெண்டும் இருக்கு. ஆப்ட்ல (டெபியன்ல பேக்கேஜ் போடற கமாண்ட்) போட்டா ஒவ்வொரு தடவயும் போடவான்னு டெய்ல்ஸே கேக்கும், ஆமான்னு குடுத்துடுங்க. அடுத்த தடவ பைதான் மாறுனாலும் அதுவே பாத்துக்கும்.

ஓசூர்_டெர்மினல்:
சரியா சொன்னீங்க. தம்பி, பிராக்ஸில சாக்ஸ்5க்குப் பின்னாடி "எச்" போட மறக்காத, 127.0.0.1, போர்ட் 9050. எச் இருந்தாத்தான் சர்வர் பேருக்கு அட்ரஸ் தேடற வேலயும் டோருக்குள்ள நடக்கும். வீட்ல சோதிக்கறதுக்கு விர்ச்சுவல் மெஷின்ல போட்டுக்க, ஆனா ஐஎஸ்ஓல பெர்சிஸ்டென்ட் வராது, பென்டிரைவுக்குன்னு குடுக்கற இமேஜ எடுத்துக்க. அக்காவோட நெஜப் புகார் எதயும் அதுல தொறக்காத.

காவேரிப்பட்டணத்தான்:
லாக்க அழிச்சிட்டேன்ணா, நேத்து ஞாயித்துக்கெழம போச்சம்பள்ளி சந்தைக்கு அம்மாவ கூட்டிக்கினு போயிட்டதால இப்பத்தான் உக்காந்தேன். அந்த டிராப்ட் வரி அச்சு அசலா இருந்துச்சு, 443 போர்ட், நாலு தடவ, நான் நாலு தடவ தான் ரன் பண்ணேன். ரெண்டு பேக்கேஜும் போட்டுட்டு கமென்ட்ட எடுத்து எச் சேத்தேன், வந்துடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணியும் பாத்துட்டேன், பேக்கேஜ் தானா வந்து உக்காந்துக்கிச்சு, மொபைல் ஹாட்ஸ்பாட்ல கொஞ்சம் நேரம் எடுக்குது அவ்ளோதான். நேரத்த அப்படியே விட்டுட்டேன், பிரிண்ட்ல மட்டும் அஞ்சரை கூட்டிக்கறேன், இல்லன்னா ராத்திரி வந்த புகார பகல்ல வந்துச்சின்னு அக்கா எழுதிடுவாங்க.